செய்தியோடையும் சிற்றூர் உரிமையும்

அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கத்து ஊர் ஆலத்தியூர். அம்மண்ணுக்கடியில் கிடப்பது சுண்ணக்கல். ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகட்கு முன் அரியலூர்ப் பகுதி கடலாய்க் கிடந்தது. அக்கடல் விட்டுச்சென்ற செல்வமே இது. அதனை நம்பியே, சிமெண்டு எனப் பலரும் கூறும் பைஞ்சுதைக்கு அங்கோர் ஆலை எழுந்தது. மாவட்டத்தின் பல ஊர்களில் சுரங்கங்களும் தோண்டப்பெற்றன. இத்தகு நிலத்தில் ஏர் பிடிப்பவன் முதலில் அறிந்திருக்க வேண்டிய செய்தி எது? தன் ஊர்ப்புறத்தில் புதுச் சுரங்கம் வருகின்றதா, பழையது விரிகின்றதா, அதுபற்றிய மக்கள் கருத்துக் கேட்பு என்று, எங்கு நடக்கும் என்பதேயன்றோ?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக் கேட்புக்குமுன் மக்களுக்குக் குறைந்தது 30 நாள் தரவேண்டும் என்கின்றது. நாளிதழ்களில் விளம்பரம் வரவேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் இருக்கவேண்டும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடே. ஆயின் நாளிதழின் உட்பக்கத்தில் ஒருநாள் தோன்றி மறையும் விளம்பரத்தை எத்துணைப் பேர் கண்டிருப்பர்? அன்று அவ்விதழை வாங்காதவனுக்கு அந்த 30 நாளும் இல்லாத நாள்களே. 'இணையத்தில் உள்ளதே!' என்பர் அலுவலர். உள்ளதுதான். 2018-இல் நடுவணரசு இதற்கெனத் தனித்தளமே தொடங்கிற்று. (அதற்கும் 'பரிவேசு' என வடமொழி ஒலிக்கவே பெயர் சூட்டினர்!) ஆனால், நாற்றங்காலையும் மாட்டையும் விட்டுவிட்டு, உழவன் எத்தனைத் தளங்களை எத்தனை நாள் திறந்து திறந்து பார்த்துக் கொண்டிருப்பான்?

இங்குதான் செய்தியோடை பயன்படுகின்றது. ஒரு வலைத்தளத்தில் புதிதாக எது வெளியிடப்பெற்றாலும், அதன் தலைப்பு, முகவரி, நேரம், சுருக்கம் ஆகியவற்றைத் தாங்கிய சிறு கோப்பு ஒன்று அத்தளத்திலேயே உடனுக்குடன் புதுப்பிக்கப்பெறும். அதுவே ஓடை. படிப்பவர் தம் கைப்பேசியில் ஓடைப்படிப்பான் ஒன்றை நிறுவி, வேண்டிய தளங்களின் ஓடை முகவரிகளை ஒருமுறை இட்டுவிட்டால் போதும். அப்படிப்பான் குறித்த இடைவெளிகளில் அக்கோப்புகளை எட்டிப்பார்த்துப் புதியவற்றை மட்டும் திரட்டி, கால வரிசையில் அடுக்கி வைக்கும். ஆண்டுக் கட்டணம் கட்டியவர் வீட்டுக்கு அஞ்சலில் இதழ் வருவது போன்றதே இது. இங்கோ பெரும்பாலும் கட்டணமும் இல்லை. தளத்தாரிடம் பெயரும் முகவரியும் தரவேண்டுவதும் இல்லை.

1999-இல் நெட்சுகேப்பு நிறுவனம் இதனைத் தொடங்கிற்று, ஆர்.எசு.எசு. என்னும் மூவெழுத்தால் வழங்கிற்று. (வடநாட்டு மூவெழுத்துக் கூட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஆங்கிலம் பயின்றோர் இதனைப் 'பீடு' என்கின்றனர். தமிழில் பீடு என்றால் பெருமை. அச்சொல்லை இங்கு இழுத்து வந்து சிறுமைப்படுத்துவானேன்? சிலர் 'ஊட்டு' என மொழிபெயர்த்தனர். ஊட்டினால் உண்பது குழந்தை. ஓடையில் பருகுபவனோ தனக்கு வேண்டிய அளவை, வேண்டிய போதில், தன் கையால் அள்ளிப் பருகுகின்றான். ஓடை என்பதே பொருந்தும்.

'முகநூலிலேயே எல்லாம் வருகின்றனவே' என்பர் இளைஞர். வருவனவற்றை அவர் காண்கின்றார். வாராதவற்றை எங்ஙனம் காண்பார்? எதனை முன்னே காட்டுவது, எதனைப் புதைப்பது என அங்கு வரிசை செய்வது அந்நிறுவனத்தின் கணிப்பொறியே. நடிகரின் திருமணம் மேலே மிதக்கும்; சுரங்க அறிவிப்பு அடியில் அமிழும். ஓடையில் அத்தகைய இடைத்தரகன் இல்லை.

தமிழர்க்கு இது புதிதும் அன்று. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, உலகெங்கும் தமிழர் எழுதிய வலைப்பூக்களை அவற்றின் ஓடைகளைக் கொண்டே ஒரு பக்கத்தில் தொடுத்தது. ஈழத்தவரும் மலேசியத் தமிழரும் தமிழகத்தாரும் நாள்தோறும் ஓரிடத்தே சந்தித்தனர். அரசு செய்திருக்க வேண்டிய பணி. தனியொருவர் முயற்சியில் தொடங்கியது. பின்னர் முகநூல் அலையில் திரட்டிகள் செல்வாக்கிழந்தன. 2005-இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய ஓடைப்படிப்பானும் 2013 சூலை 1-இல் மூடப்பெற்றது. எனினும், தாம் படிக்கும் ஓடைகளின் பட்டியலைக் கோப்பாக எடுத்து வைத்திருந்தோர் மறுநாளே வேறொரு படிப்பானில் அதனை ஏற்றிப் படித்தனர். கடையை மூடலாம், பட்டியல் கையில் இருந்தால் ஓடையை மூடவியலாது.

ஓடை இருந்தால் மட்டும் போதுமா? அதில் ஓடுவது எம்மொழி? 2020-இல் நடுவணரசு மேற்சொன்ன அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவை வெளியிட்டது. 30 நாளை 20 ஆகக் குறைக்க முனைந்த அவ்வரைவு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. சூன் 30-இல் தில்லி உயர்முறை மன்றம், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனை மொழிபெயர்க்குமாறு ஆணையிட்டது. கருத்துரைக்கும் காலத்தையும் ஆகத்து 11 வரை நீட்டிற்று. அரசு என் செய்தது? மொழிபெயர்ப்பாளரைத் தேடிற்றா? ஆணையை எதிர்த்து உச்ச முறைமன்றத்தின் கதவைத் தட்டிற்று! தன் வயலின் நாளையை முடிவு செய்யும் ஆவணத்தைத் தன் மொழியில் கேட்பதும் குற்றமோ?

எனவே, மாவட்ட ஆட்சியமும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் தம் அறிவிப்புகள் ஒவ்வொன்றையும் முழுமையாகத் தமிழில் செய்தியோடையாகத் தரவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று எவரும் சாக்குரைக்க வேண்டுவதில்லை. இன்று பரவலாக வழங்கும் தள மென்பொருள்கள் பலவும் ஓடையைத் தாமே ஆக்கித் தருகின்றன. எண்வரிசைப் பெயர்கொண்ட ஒளிப்படக் கோப்பாக அறிவிப்பை ஏற்றிவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவும் பழக்கமும் ஒழியவேண்டும். எந்த ஊர், என்ன பொருள், என்று நடப்பது என்பவை தலைப்பிலேயே தமிழில் தெரியவேண்டும்.

அதுவரை, ஆலத்தியூர் போன்ற ஊர்தோறும் படிப்பக இளைஞர் இருவரேனும் இப்பணியை ஏற்கலாம். ஓடை உள்ள தளங்களை ஒருவர் படிப்பானில் சேர்க்கட்டும். ஓடையில்லாத் தளங்களை மற்றவர் கிழமைக்கு இருமுறை திறந்து பார்க்கட்டும். கண்டதைப் படிப்பகக் கரும்பலகையில் நாளிட்டு எழுதட்டும். ஓடைப் பட்டியலின் படியொன்று படிப்பகத்திலேயே இருக்கட்டும்; ஒருவர் வேலை தேடித் திருப்பூருக்குச் சென்றாலும் அடுத்தவர் அங்கிருந்தே தொடர்வார்.