நேரலைக் கருவிகள்: முதற்செலவு எதற்குச் செய்வது?

திருத்தணித் தாலுகாவிலும் அதனையடுத்த பள்ளிப்பட்டுத் தாலுகாவிலும் கைபேசி இல்லாத குடியானவர் வீடு இக்காலத்தில் அரிது. கலியாணமும் கிரகப்பிரவேசமும் நடக்கும்போதே வெளியூர்ச் சுற்றத்தார் அவற்றைக் கையிலுள்ள கண்ணாடித் திரையிற் கண்டு மகிழ்கின்றனர். இதைக் கண்ட பஞ்சாயத்தாரும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்துவோரும், கிராம சபையையும் வயலில் நடைபெறும் செயல்விளக்கங்களையும் அவ்விதமே நேரலையாக அனுப்பினால் என்ன என்று யோசிப்பது இயல்பே. திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளும் தங்கள் ஊர்ச் சபையில் என்ன நடந்ததென்று அறிய முடியுமாயின் அது பெரும் அனுகூலமே. ஆனால் இவ்வெண்ணம் தோன்றியவுடன் எழும் முதற்கேள்வி, ‘எந்தக் காமிரா வாங்கலாம்?’ என்பதாக இருக்கிறது. பணம் வீணாவது இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. முதலிற் கேட்கத்தக்கது, ‘பேசுவது கேட்குமா?’ என்பதே.

படமில்லாமல் வெறும் ஒலியைக் கொண்டே விவசாயத்தில் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1960-களின் நடுவில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபோது, அதன் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி நிலையம் விடாமல் எடுத்துச் சொல்லி வந்தது. நாற்றங்கால் முதல் அறுவடை வரை குடியானவர்கள் கேட்டறிந்து செய்தமையால், அந்நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. அவர்கள் எவரும் பேசியவரின் முகத்தைப் பார்த்ததில்லை. சொல் தெளிவாகக் காதில் விழுந்தது; அதுவே போதுமானதாயிருந்தது. இன்று மங்கிய படமும் தெளிந்த சொல்லும் உள்ள நேரலையை மக்கள் பொறுத்துக்கொண்டு கேட்பர். பளிச்சென்ற படத்துடன் காற்றிரைச்சல் மட்டும் வருமாயின் அரை நிமிஷத்தில் விலகிவிடுவர்.

விலகிச் செல்வதோடு நின்றாலும் பாதகமில்லை. பாதி கேட்டுச் செய்வதே அபாயம். பூச்சிமருந்தின் அளவை நிபுணர்கள் பெரும்பாலும் ஹெக்டேர்க் கணக்கில் சொல்லுகின்றனர். குடியானவர் மனத்தில் நிற்பதோ ஏக்கர்க் கணக்கு. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ‘ஹெக்டேருக்கு’ என்ற ஒரு சொல் காற்றில் அடிபட்டுப் போய், எண் மட்டும் காதில் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். கேட்டவர் தம் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு மருந்தைத் தெளிப்பார். மருந்தின் விலை ஒருபுறமிருக்க, பயிரும், தெளிக்கும் கூலியாளின் உடலும், நன்மை செய்யும் பூச்சிகளும் அதன் பயனை அனுபவிக்க நேரும். ஆகவே மைக்குக்குச் செலவிடும் பணத்தை ஆடம்பரமென்று கருதலாகாது.

கைபேசியிலேயே மைக் இருக்கும்போது தனியாக மற்றொன்று எதற்கு என்று கேட்கலாம். திறந்த வெளியில், பேசுபவரின் வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இருமடங்கானால், அதை எட்டும் ஒலியின் வலிமை நாலில் ஒரு பங்காகக் குறையும். சட்டையில் ஒரு சாண் தூரத்தில் குத்தப்பட்ட மைக்குடன் ஒப்பிட்டால், பதினாறு சாண் தள்ளி நிற்கும் கைபேசிக்கு 256-ல் ஒரு பங்கே எட்டும். காற்றும், பம்புசெட்டின் ஓசையும், பக்கத்தில் நிற்போர் பேச்சும் அவ்விடத்தில் அதைவிடப் பலமாயிருக்கும். எத்தனை உயர்ந்த கைபேசி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சட்டையிற் குத்தும் கம்பி மைக், அதாவது கடைக்காரர் ‘காலர் மைக்’ என்று எடுத்துக் கொடுப்பது, ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. கைபேசியில் வட்டத் துளை உண்டா, அல்லது டைப்-சி துளை மட்டுந்தானா என்று பார்த்து, அதற்கேற்ற முனையுள்ளதை வாங்க வேண்டும். மைக்கின் தலையில் மாட்டும் பஞ்சுறையை அற்பமென்று எறிந்துவிடலாகாது. வயற்காற்றின் இரைச்சலைத் தணிப்பது அதுவே.

ஆகையால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாத குடியானவரும் சிறு சங்கமும் செய்யத்தக்கது எளிது. கையிலுள்ள கைபேசி, ஒரு காலர் மைக், ஆடாமல் நிற்கும் ஒரு ஸ்டாண்டு ஆகிய இம்மூன்றும் போதும். இது ஏழைக்கான மட்டமான ஏற்பாடு என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. சில காரியங்களுக்குக் கைபேசியே பெரிய காமிராவினும் மேலானது. நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி, தூரின் அடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாய் ஒட்டிக்கொண்டிருக்கும். நின்ற உயரத்தில் தோளிற் சுமந்த காமிராவுக்குப் பச்சைத் தாள்தான் தெரியும். கைபேசியை ஒரு கோலில் கட்டித் தூர்களிடையே இறக்கினால் பூச்சி திரையில் நிற்கும். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையமும் இந்த ஜில்லாவிலேயே இருப்பதால், தம் வயலின் தூரை இவ்விதம் காட்டி ஆலோசனை கேட்பதும் வீட்டிலிருந்தபடியே ஆகக்கூடிய காரியம்.

கிராம சபையின் தேவை வேறு. அங்குப் பேசுபவர் ஒருவரல்லர். பின்வரிசையில் எழுந்து நிற்கும் மூதாட்டியின் சொல்லும் தலைமை வகிப்பவரின் சொல்லுக்குச் சமமாகக் கேட்க வேண்டும். இதற்குப் பத்தாயிரம் முதல் பதினையாயிரம் ரூபாய் ஒதுக்கக்கூடிய பஞ்சாயத்து, கம்பியில்லா மைக் இரண்டு கொண்ட ஒரு ஜோடியை வாங்கி, ஒன்றை மேடையிலும் மற்றொன்றைச் சபையினர் கையிலும் விடுவது உத்தமம். ஊர் மைக்செட்டின் பெட்டியிலிருந்து நேராகவே ஒலியை எடுக்கலாமென்று சிலர் முயல்கின்றனர். எடுக்கலாம், ஆனால் அப்பெட்டியிலிருந்து வரும் மின்னொலி கைபேசியின் மைக் துளை தாங்கும் அளவைவிட மிக்கது. இடையில் அதைக் குறைத்துத் தரும் சிறு கருவி இல்லாமற் செருகினால் குரல் உடைந்து கரகரப்பாகவே செல்லும். மைக்செட்காரரைச் சபைக்கு முந்தின நாளே கூட்டி வைத்து இதைச் சரிபார்ப்பதற்குச் செலவொன்றுமில்லை.

பஞ்சாயத்துகள் ஏன் மைக்கை விட்டுக் காமிராவையே நாடுகின்றன என்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பது கடினமன்று. காமிரா கண்ணுக்குத் தெரியும். அதை வாங்கிய தலைவருக்குப் பெயருண்டு. சட்டையிற் குத்திய சுண்டுவிரலளவு மைக்கை எவரும் புகழ்வதில்லை.

மைக்குக்கு அடுத்தபடியாகப் பணமும் கவனமும் செல்ல வேண்டியது இணைய இணைப்புக்கே. இதில் குடியானவர் ஏமாறும் இடமொன்றுண்டு. கைபேசியில் சினிமா தடையின்றி ஓடுகிறதே, நேரலையும் ஓடாதா என்பர். சினிமா நம்மிடம் வருவது. நேரலை நம்மிடமிருந்து செல்வது. அனுப்பும் வேகம் பெறும் வேகத்தினும் பெரும்பாலும் மிகக் குறைவு. 720 வரிப் படத்துக்கு நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் அனுப்பும் வேகம் வேண்டும். சோதித்துப் பார்க்கையில் அதன் இருமடங்கு இருந்தால்தான் நம்பலாம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிகாபைட் செலவாகும். இரண்டு மணி நேரக் கிராம சபைக்கு 2.7 ஜிகாபைட் ஆகிறது. நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிகாபைட் என்ற வரம்புள்ள சந்தாவில் தொடங்கினால், வரவு செலவுக் கணக்கு வாசிக்கும் தறுவாயில் படம் நின்றுவிடும். சிலர் இதைச் சூழ்ச்சி என்றும் சொல்லக்கூடும். படத்தின் தரத்தை 480 வரிக்குக் குறைத்துக்கொண்டால் செலவு பாதிக்கும் கீழாகும். கிராம சபைக்கு அது தாராளமாகப் போதும்.

பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் நடத்தும் டான்ஃபிநெட் நிறுவனத்தின் நோக்கம் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கம்பியால் இணைப்பது. கம்பி வந்து சேர்ந்துள்ள ஊராட்சிகள் அலைவரிசையை நம்பாது அக்கம்பியையே பயன்படுத்தல் வேண்டும். திருவிழாக் காலத்தில் இதன் அருமை நன்கு விளங்கும். ஆடிக் கிருத்திகையன்று மலையடிவாரத்திலும் சரவணப் பொய்கைக் கரையிலும் புஷ்பக் காவடிகளோடு கூடும் கூட்டம் முழுவதும் ஒரு சில கோபுரங்களின் அலையையே பங்கிட்டுக்கொள்ளுகிறது. அன்று அவ்விடத்தில் அலைவரிசையை நம்பி நேரலை செய்ய முற்படுவது, வறண்ட கிணற்றில் இரண்டாவது பம்புசெட் வைப்பதற்கொப்பாகும். கைபேசி புதிதா பழையதா என்பது அங்கே கேள்வியன்று.

இனி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறுவதைச் செய்திகளில் யாவரும் காண்கிறோம். ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனியே, தன் கருவியை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் உபயோகிக்குமாறு கூறுகிறது. சித்திரை வைகாசியில் நிலக்கடலைக் காட்டில் நண்பகலில் நிறுத்திய எந்தக் கைபேசியும் சூடேறி, திரை மங்கி, தானே நின்றுபோகக்கூடும். நேரலை செய்துகொண்டே மின்னேற்றம் செய்தால் சூடு இன்னும் மிகும். ஆகவே முழு மின்னேற்றத்துடன் காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்வதும், ஸ்டாண்டின்மேல் ஒரு குடையைக் கட்டுவதும் நலம். குளிரட்டுமென்று ஈரத்துணி சுற்றுவது கூடாது.

ஐம்பதினாயிரம், லட்சம் என்று செலவிட வல்லோருக்கும் சொல்ல வேண்டியதுண்டு. லென்ஸ் மாற்றும் காமிரா, அதன் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் பிடிப்புக் கருவி, பல காமிராக்களை மாற்றிக் காட்டும் பெட்டி ஆகியவை உயர்ந்தவையே. நான்கு காமிராக்களை இணைக்கும் ஏடெம் மினி என்ற பெட்டி 2019-ல் வெளிவந்தபின் முன்பு தொலைக்காட்சி நிலையங்கள் மட்டுமே செய்த வேலை மேஜைமேல் நடக்கிறது. கணினியில் ஓடும் ஓபிஎஸ் என்ற மென்பொருளுக்கோ விலையே இல்லை. வாரந்தோறும் நேரலை செய்யும் நிறுவனத்துக்கு இவை தகும். ஆண்டுக்கு ஆறு நாள் மட்டும் கூடும் கிராம சபைக்கு இவற்றை வாங்கி, மற்ற நாட்களில் அலமாரியில் பூட்டி வைப்பதை எவ்விதத்திலும் ஆதரிக்க இயலாது. முகூர்த்த நாட்களில் திருத்தணியில் நடைபெறும் கலியாணங்களைப் படமெடுக்கும் தொழிலாளரிடம் இக்கருவிகளும், அவற்றை இயக்கும் பழக்கமும் உண்டு. திருவிழாவுக்கோ விவசாயக் கண்காட்சிக்கோ அவர்களையே நாட்கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். டிராக்டரை வாடகைக்கு எடுக்கக் கூசாத மிராசுதார் காமிராவை எடுக்க ஏன் கூச வேண்டும்? ஆனால் கோயிலுக்குள் எடுத்துச் செல்வது வேறு விஷயம். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிகளைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டுள்ளது. மலைமேல் நடைபெறும் உற்சவத்தை அனுப்புவது தேவஸ்தானத்தாரின் காரியமேயன்றி பக்தர்களின் காரியமன்று.

எல்லையோர ஊர்களுக்கென்று தனியே ஒன்று கூற வேண்டும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபின்னும், இப்பகுதி வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கி வருகின்றன. ஆந்திரா உட்பட ஆறு ராஜ்யங்களின் சுமார் 2,400 கிராமங்களில் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்த செயற்கைக்கோள் கல்விப் பரீட்சையில், ஒரே படத்துடன் இரண்டு ஒலிகளை அனுப்பும் வசதி இருந்தது. அவ்வளவு பெரிய ஏற்பாடு இங்குத் தேவையில்லை. இரண்டாவது மைக்கைத் தெலுங்கு நன்கறிந்த ஒருவரிடம் கொடுத்து, மருந்தின் பெயர், அளவு, நாள் ஆகிய மூன்றை மட்டும் அவ்வப்போது திருப்பிச் சொல்லச் செய்தால் போதும். இவ்வகையிலும் காமிராவைவிட மைக்கே பயன்படுகிறது.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்துக்கு இன்னும் சில. மனுதாரர் கூறும் ஆதார் எண்ணும், குடும்ப விவரமும், நோயின் பெயரும் நேரலையிற் போய்விட்டால் திரும்பி வாரா. அவற்றைத் தாளில் வாங்கிக்கொள்ள வேண்டும். பேஸ்புக்கில் செய்யும் நேரலை, 2025 பிப்ரவரி 19 முதல் அங்கு 30 நாள் மட்டுமே இருக்கும். தஸ்தாவேஜாக வேண்டுமெனில் அதற்குள் இறக்கிச் சேமித்தல் அவசியம். யூடியூபில் முதன்முறை நேரலைக்கு அனுமதி கேட்டால் 24 மணி நேரம் வரை ஆகலாம். கைபேசியிலிருந்து நேரே அனுப்பக் குறைந்தது 50 சந்தாதாரர்களும் வேண்டும். கைபேசி விவரம் அறிந்தவனென்று ஊரார் நம்பும் பள்ளிப் பையனிடம் முழுவதையும் ஒப்படைத்தலும் ஆகாது. 16 வயது நிரம்பாதவர் தனித்து நேரலை நடத்த 2025 ஜூலை 22 முதல் யூடியூப் இடந்தருவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபைகளுள் அடுத்து வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, சபை கூடும் அதே இடத்தில், அதே நேரத்தில், பத்து நிமிஷம் சோதனை நேரலை செய்து, வேற்றூரிலுள்ள ஒருவரைக் கேட்கச் சொல்லி, அவர் காதில் என்ன விழுந்ததென்று எழுதி வாங்கி, மைக் எது வாங்குவதென்பதை அதன் பின்னர்த் தீர்மானிக்கலாம்.