1920-ல் அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை... எந்தப் பெண்களுக்கு?

அமெரிக்கப் பெண்களுக்கு எப்போது ஓட்டுரிமை கிடைத்தது? போட்டித் தேர்வில் 1920 என்று எழுதினால் முழு மார்க் கிடைக்கும். 19-வது சட்டத்திருத்தம் அமலான ஆண்டு அது. ஆனால், மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வேலை பார்த்த ஃபேனி லூ ஹேமருக்கு அந்தப் பதில் பொருந்தாது.

1962 ஆகஸ்டில், 44 வயதில், வாக்காளராகப் பதிவு செய்ய இண்டியனோலா நகருக்குப் போனார் ஹேமர். கூடவே 17 பேர். அங்கே ஒரு ‘எழுத்தறிவுத் தேர்வு’. மாநில அரசமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து, விளக்கம் எழுதச் சொன்னார்கள். சரியா, தப்பா என்று முடிவு செய்வது வெள்ளைக்கார அதிகாரி. வேறென்ன, ஃபெயில்தான். ‘விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லைன்னா கிளம்பு’ என்றார் பண்ணை முதலாளி. 18 வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேறினார் ஹேமர். அடுத்த வருஷம் வினோனா சிறையில் விழுந்த அடியில் அவரது சிறுநீரகம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

சரி, பெண்கள் இயக்கம் என்ன செய்துகொண்டிருந்தது? 1848 செனகா ஃபால்ஸ் மாநாட்டில் ஓட்டுரிமைத் தீர்மானத்துக்கு வந்திருந்தவர்களே தயங்கியபோது, ஆதரித்துப் பேசியவர் கறுப்பினத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸ். ஆனால், கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு தரும் 15-வது திருத்தம் வந்தபோது எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் பி. ஆந்தனியும் எதிர்த்தார்கள். பெண்களை விட்டுவிட்டார்களே என்ற கோபம் நியாயம்தான். படிக்காத கறுப்பர்களுக்குப் பின்னால் படித்த வெள்ளைப் பெண்கள் நிற்பதா என்று ஸ்டான்டன் வாதாடியதை எப்படி நியாயப்படுத்துவது?

1913 வாஷிங்டன் பேரணியிலும் இதே கதைதான். பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸை, கறுப்பினப் பெண்களோடு கடைசியில் நடக்கச் சொன்னார்கள். தென்மாநிலப் பெண்கள் கோபித்துக்கொள்வார்களாம்! கூட்டத்தில் நின்றிருந்த வெல்ஸ், இல்லினாய்ஸ் அணி வந்ததும் நடுவே புகுந்து நடந்தார்.

19-வது திருத்தம் பாலினத் தடையை மட்டும்தான் நீக்கியது. தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு எல்லாம் தெற்கில் அப்படியே இருந்தன. எழுத்தறிவுத் தேர்வை உடைத்தது 1965 வாக்குரிமைச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு அட்லான்டிக் சிட்டியில் ஹேமர் சாட்சியம் சொன்னபோது, டிவி கேமராக்களைத் திருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். சேனல்கள் ஹேமரின் பேச்சை அன்று இரவே ஒளிபரப்பின.

2020-ல், நூற்றாண்டு நினைவாக நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். முதல் வடிவமைப்பில் ஆந்தனியும் ஸ்டான்டனும் மட்டும்தான். விமர்சனம் கிளம்பிய பிறகே, அடிமையாகப் பிறந்து உரிமைக்காகப் போராடிய சோஜர்னர் ட்ரூத் மூன்றாவதாகச் சேர்க்கப்பட்டார்.