பெண்ணுலகம்: ஏழு தோழியரும் ஒரு நட்சத்திரமும்

நமது அங்கத்தினர்களுள் சிலர், அடுத்த வீட்டு அமெரிக்க மாது ஒருவர் சிறிய தங்க நட்சத்திரம் ஒன்றை உடையில் குத்தியிருப்பதைக் கண்டிருக்கலாம். அது பி.இ.ஓ. என்னும் சகோதரிகள் சங்கத்தின் சின்னமாகும்.

1869ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி, அயோவா மாநிலத்தின் மவுண்ட் பிளெஸன்ட் நகரிலிருந்த அயோவா வெஸ்லியன் கல்லூரியில் ஏழு மாணவிகள் இச்சங்கத்தைத் தொடங்கினர். அக்கல்லூரியில் அதற்குச் சற்று முன்னர்தான் வேறொரு மாணவியர் சங்கம் தோன்றியிருந்தது. இந்தத் தோழியரில் சிலருக்கு அதில் சேர அழைப்பு வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. பிரிய மனமில்லாத எழுவரும் தமக்கென்றே ஒரு சங்கம் கண்டனர்.

காலப்போக்கில் மணமாகி ஊர் ஊராகச் சென்ற பெண்களோடு சங்கமும் பரவி, கல்லூரிச் சங்கம் இல்லத்தரசிகளின் சங்கமாயிற்று. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இதன் கிளைகள் உள்ளன. கிளைகளுக்கு ஆங்கில எழுத்துக்களே பெயர். கூட்டங்கள் பெரும்பாலும் அங்கத்தினர் இல்லங்களில் நடைபெறும். ஒருவரையொருவர் சகோதரி என்றே கருதுவர். மஞ்சளும் வெள்ளையும் சங்கத்தின் நிறங்கள்; மார்கரெட் என்னும் வெண்ணிற டெய்ஸி அதன் மலர். அழைப்பின்றி எவரும் சேர இயலாது. மூன்றெழுத்துக்களின் பொருளை நெடுங்காலம் வெளியாருக்குச் சொன்னதில்லை. பின்னாளில்தான், பரோபகாரக் கல்வி அமைப்பு என்று பொருள்படும் விரிவை வெளியிட்டனர். உள்ளே வழங்கும் பொருள் இன்றும் இரகசியமே.

அழைப்புக் கிடைக்காத மனவருத்தத்தில் பிறந்த சங்கம், தானும் அழைப்பின் பேரிலேயே ஆள் சேர்ப்பது சற்று விந்தைதான். ஆயினும் உதவி செய்யும்போது அந்த வேலி இல்லை. உதவி பெறுபவர் அங்கத்தினராக இருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எழுவருள் ஒருவரான எல்லா ஸ்டூவர்ட், குடும்பத்தின் பண நெருக்கடியால் படிப்பை முடிக்காமலே கல்லூரியை விட்டார். அந்தக் குறை சங்கத்தின் நெஞ்சில் தங்கிவிட்டது போலும். 1907இல் பெண்களின் படிப்புக்குக் கடன் கொடுக்கும் நிதியை நிறுவினர். 1927இல் மிசௌரி மாநிலத்து நெவாடா நகரிலுள்ள காட்டி மகளிர் கல்லூரியை, அதனை 1884இல் தோற்றுவித்த வர்ஜினியா ஆலிஸ் காட்டி ஸ்டாக்கார்ட் அம்மையாரே இவர்களிடம் ஒப்படைத்தார். 1949இல் பிற நாட்டுப் பெண்கள் இங்கு மேற்படிப்புப் படிக்க உபகார நிதி ஏற்பட்டது. 1973இல், இடையில் படிப்பு நின்றுபோன பெண்கள் மீண்டும் தொடர ஒரு திட்டம் வகுத்தனர். இதுவரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்நிதிகளால் பயனடைந்துள்ளனர்.

சங்கம் பிறந்த அயோவா வெஸ்லியன் கல்லூரி 2023இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஏழு பெண்கள் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

நம் கோயிலில் வெள்ளிதோறும் கோலமிட்டு, பிரசாதம் சமைத்து, பஜனை பாடும் தாய்மார்களுள், கணவரின் உத்தியோகத்துக்காகக் கடல் கடந்து வந்து, பாதியில் படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? அதை நாம் என்றேனும் கேட்டதுண்டா? அன்னதானத்துக்கு நம்மிடம் நிதி இருக்கிறது. வித்யாதானமும் தானமே அல்லவா? அடுத்த மகளிர் கூட்டத்தில் இதைப் பற்றிச் சகோதரிகள் யோசிப்பார்களாக.