பாட்டிக்குக் கணக்குப் பரீட்சை

ஏலக்காயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தரம் சொல்லிவிடும் பாட்டிமார்கள் போடிநாயக்கனூரில் உண்டு. அவர்களில் ஒருத்தியை உட்கார வைத்து, "நூறிலே ஏழு போனால் எவ்வளவு? அதிலே இன்னொரு ஏழு போனால்?" என்று டாக்டர் கேட்டால் என்ன ஆகும்? பாட்டி திருதிருவென்று விழிப்பாள். உடனே, 'மூளை மழுங்கிவிட்டது' என்று தீர்ப்புச் சொல்லலாமா, வாசகர்களே? பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவளுக்குக் கணக்குப் பரீட்சை வைத்தது யார் பிசகு?

மறதி நோய் ஆராய்ச்சியில் இந்தப் பிசகு வெகுகாலம் இருந்து வந்தது. போடி மெட்டு ஏறி, மூணாறு வழியாக இறங்கினால் கொச்சிக்குப் போகலாம் அல்லவா? அந்தக் கொச்சியில்தான் 1998-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெயரே வேடிக்கையானது: '10/66'. இந்த நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள்; அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ மொத்தத்தில் 10 சதவிகிதம்கூட இல்லை என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்துகிற சோதனைகளை இக்குழு வகுத்தது. வீட்டாரையும் விசாரித்தது. நம் சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஆராய்ந்தது.

2023-ல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதானவர்களிலும் அதற்கு மேற்பட்டவர்களிலும் 7.4 சதவிகிதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம்.

இன்னொரு பிசகு நம்முடையது. "வயசாச்சு, மறதி வரத்தானே செய்யும்!" என்று சும்மா இருந்துவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது எல்லோருக்கும் சகஜம். ஐம்பது வருஷமாக வைத்த ரசத்துக்கு வழி தெரியாமல் திகைப்பதும், சொந்தத் தெருவிலேயே வீடு தெரியாமல் நிற்பதும் சகஜமல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. பார்த்தால்தானே தெரியும்?

'லான்செட்' மருத்துவப் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-ல் பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் சுமார் 45 சதவிகித நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலுமாம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை இவற்றோடு காது மந்தமும் பார்வைக் குறைவும் அதில் உண்டு. காது கேளாதவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுகிறார். மூளைக்கும் வேலை குறைகிறது.

ஆகவே, பாட்டி ஒரே கேள்வியைப் பத்தாம் தடவை கேட்டால் அதட்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், காதையும் கண்ணையும் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.