நாடி பாராத வைத்தியம்

வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்பதை மைற்கல் மட்டும் சொல்லிவிடாது. நரேந்திரசிங்க மன்னன் அன்று மாளிகை அமைத்து வாழ்ந்த குண்டசாலையிலிருந்து கண்டிப் பெரிய வைத்தியசாலை சில மைல் தூரமே. அதே மகியங்கனைச் சாலையில் தெல்தெனியாவைக் கடந்து, ரங்கலைப் பக்கத்து மலைத்தோட்டங்களுக்கு ஏறினால் கணக்கு மாறிவிடுகிறது. அரசாங்க வைத்தியம் இலவசமே. எனினும் அதைப் பெறுவதற்கு லயத்துத் தொழிலாளி பஸ் கட்டணத்தோடு ஒருநாட் சம்பளத்தையும் இழக்கிறாள்.

இந்த இழப்பைத் தொலைமருத்துவம் தவிர்க்கும் என்கின்றனர். அது வெறும் கனவன்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக ஊரடங்கு பிறந்தபோது, வைத்தியர்கள் தொலைபேசியில் ஆலோசனை கூறினர். நாட்பட்ட நோயாளருக்குரிய மருந்துகளை அஞ்சற்காரர் வீடுவரை கொண்டு சேர்த்தனர். ஓடொக் போன்ற தனியார் சேவைகள் அதற்கு முன்னரே தோன்றியிருந்தன.

ஆயினும் கருவி மட்டும் வைத்தியமாகிவிடாது. ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தை 2000ஆம் ஆண்டில் அப்பொலோ நிறுவனம் நகர நிபுணர்களோடு இணைத்தது. அங்கே கிராமத்திலேயே ஒரு வைத்தியசாலை இருந்தது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கவும், இதயத் துடிப்பைப் பதிந்து அனுப்பவும் பயிற்சி பெற்றோர் இருந்தனர். கைத்தொலைபேசியோடு தனித்து நிற்கும் நோயாளிக்கு அத்துணை கிடையாது.

மொழியோ அதனினும் பெரிய தடை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால், ‘நெஞ்சு அடைக்கிறது’ என்பதற்கும் ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பதற்கும் உள்ள வேற்றுமை மறுமுனையிலுள்ள வைத்தியருக்கு விளங்க வேண்டாமா? நேரில் நிற்பவள் கையால் காட்டிக் குறையை நிரப்புவாள். தொலைபேசியில் சொல்லொன்றே துணை. அடைப்பைக் கரிப்பாகக் கொண்டால் உயிருக்கே ஆபத்து.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி மற்றொரு பாடமும் புகட்டியது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றது; மருந்துகளும் அரிதாயின. மின்சாரமில்லாத ஊரில் திரை ஒளிராது. மருந்தில்லாத ஊரில் ஆலோசனை பலன் தராது.

ஆகவே, தொலைமருத்துவத்தை வைத்தியசாலைக்கு மாற்றாகக் கருதுதல் தகாது. தோட்ட மருந்தகந்தோறும் தமிழறிந்த, பயிற்சி பெற்ற தாதி ஒருவர், சில கருவிகள், போதிய மருந்து ஆகியவற்றை முதலில் அமைத்தல் வேண்டும். அவர் அருகிலிருந்து நாடி பார்ப்பாராயின், தொலைவிலுள்ள நிபுணரின் அறிவும் மலையேறி வந்து பயன்தரும்.