ஷாக் அப்சார்பர் தரும் ஷாக்!

‘‘மச்சி, வெளிநாட்டு சைட்ல ஷாக் அப்சார்பர் செட் நாப்பதாயிரம்தான்டா... ஆர்டர் போட்டுடலாமா?’’

ஃபார்முலா கார் கட்டும் காலேஜ் டீம்களில் இந்தக் குரல் ஒருமுறையாவது கேட்கும். கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக ராத்திரி பகலா ஸ்பேனர் பிடிக்கிற மக்களே, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க. சைட்ல இருக்கறது பொருளோட விலை. நம்ம பட்டறைக்கு வந்து சேர்ற விலை வேற!

முதல்ல பார்சல் கூலி. கூரியர்காரங்க தராசை மட்டும் பார்க்கறதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுப்பாங்க. 60 × 40 × 30 பெட்டின்னா 14.4 கிலோ. உள்ளே சரக்கு 6 கிலோதான் இருந்தாலும் 14.4 கிலோவுக்குத்தான் பில்! ‘சின்னப் பெட்டியில பேக் பண்ணுங்க’ன்னு விக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாலே காசு மிச்சம்.

அடுத்தது கஸ்டம்ஸ். பொருள் 40,000 ரூபாய், விமானக் கூலி 10,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். விமானக் கூலி எவ்வளவு ஆனாலும், பொருள் விலையில் 20 சதவீதம் வரைதான் வரிக் கணக்கில் சேரும். அது 8,000. இன்ஷூரன்ஸ் தொகை தெரியலைன்னா 1.125 சதவீதம், அதாவது 450. ஆக மொத்தம் 48,450. வரி இந்தத் தொகைக்குத்தான்.

ஷாக் அப்சார்பர் வர்றது 8708-ங்கிற தலைப்பில். அடிப்படை சுங்க வரி 15 சதவீதம் - 7,268. அந்த வரி மேல சமூகநல சர்சார்ஜ் 10 சதவீதம் - 727. இதையெல்லாம் கூட்டினா 56,445. அது மேல ஜி.எஸ்.டி. 18 சதவீதம் - 10,160. வரி மட்டுமே 18,155! கூலியும் சேர்த்தா, நாப்பதாயிரம் ரூபாய் பொருள் 68,155-ல வந்து நிக்குது. கூரியர் கம்பெனியின் கிளியரன்ஸ் சார்ஜ் தனி. 20 பேர் டீம்னா, தலைக்கு 1,400 ரூபாய்க்கு மேல எக்ஸ்ட்ரா. இதைப் பார்சல் வந்தப்புறம் வசூல் பண்ணிப் பாருங்க... நட்பே ஆட்டம் கண்டுடும்!

சீனியர் விட்டுட்டுப் போன எக்ஸெல் ஷீட்டை அப்படியே காப்பி அடிக்காதீங்க. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி இதே பாகத்துக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். எல்லா பாகமும் 8708-ல வராது; பிஸ்டன் 8409, பேரிங் 8482. ஐஸ்கேட் தளத்தில் வரி கால்குலேட்டர் இருக்கு. ஆர்டர் போடற அன்னிக்கே பார்த்துடுங்க.

‘பில்லுல விலையைக் குறைச்சுப் போடச் சொல்லுடா’ன்னு ஐடியா குடுக்க ஒரு புத்திசாலி எல்லா டீமிலும் உண்டு. காதுலயே போட்டுக்காதீங்க. 1962-ம் வருஷ சுங்கச் சட்டப்படி பொருளையே பறிமுதல் பண்ணலாம், அபராதமும் போடலாம். பார்சல் தொலைஞ்சா, அந்தப் பொய் விலையைத்தான் நஷ்டஈடாக் கேக்க முடியும்.

போட்டியில் செலவுக் கணக்குக்குன்னே தனி மார்க் இருக்கு, ஃப்ரெண்ட்ஸ். 68,155-ஐ முதல் மீட்டிங்லயே போர்டுல எழுதுங்க. அதே பொருளுக்கு உள்ளூர் டீலர் சொல்ற விலையையும் பக்கத்துலயே எழுதுங்க. அப்புறம் ஓட்டெடுப்பு நடத்துங்க!