எட்டு வினாடி

சைக்கிள் விடுகிற ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத விரோதி ஒருவன் உண்டு. மெதுவாகப் போனால் அவன் பரம சாது. வேகமாகப் போனாலோ மார்பில் கை வைத்துத் தள்ளுவான். அவன் பெயர் காற்று.

வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்ல வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. சமதளமான சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் செலவிடும் சக்தியில் பெரும் பகுதி காற்றுக்கே அர்ப்பணம். அதிலும் வண்டியினால் ஏற்படும் எதிர்ப்பு கொஞ்சம். சவாரி செய்பவனின் சரீரத்தால் ஏற்படுவதே அதிகம். ஆகவே புது வண்டி வாங்குவதைக் காட்டிலும் முதுகை வளைப்பது சிக்கனமான வழியல்லவா?

சைக்கிள் பந்தயங்களில் நேரப் பந்தயம் என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும். இதர பந்தயங்களைப்போல் முன்னால் போகிறவனுடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இதில் இடமில்லை.

1989-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் நேரப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி. பிரெஞ்சு வீரர் லோரான் பின்யோன் 50 வினாடி முன்னணியில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் நீண்ட வால் வைத்த தலைக்கவசம் அணிந்து, முன்னோக்கி நீண்டிருந்த கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து பறந்தார். பின்யோன் தலையில் கவசமில்லை. குடுமியாகக் கட்டிய கூந்தல்தான் காற்றில் ஆடிற்று. லெமாண்ட் 58 வினாடி மிச்சம் பிடித்தார். மூன்று வாரம், 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயம் எட்டு வினாடியில் கைமாறிப் போயிற்று. ஆண்களுக்கான அந்தப் பந்தயம் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் முடிந்ததே இல்லை.

“குடுமியால் கெட்டான்!” என்று ஊரார் தீர்ப்புக் கூறிவிட்டார்கள். ஆனால் அன்று பின்யோன் ஆசனப் புண்ணால் மிகவும் அவஸ்தைப்பட்டுக் கொண்டிருந்தார். தோல்விக்குக் காரணம் கூந்தலா, கைப்பிடியா, புண்ணா, எதிராளியின் காலா? பந்தயத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பல விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறியிருந்தால் எது காரணம் என்று எவ்விதம் நிர்ணயிப்பது? அதற்குப் பரீட்சைதான் வழி.

காற்றுச் சுரங்கம் என்ற பெரிய கூடத்தில் இதைப் பரிசோதிக்கலாம். அதன் வாடகை சாமானியர்களுக்குக் கட்டாது. சாலையிலேயே செய்வதற்கும் முறை இருக்கிறது. மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி ஒன்றை வண்டியில் பொருத்திக்கொண்டு, காற்றடங்கிய அதிகாலையில், போக்குவரத்தில்லாத பாதையில், அதே சக்தியுடன் போய்த் திரும்ப வேண்டும். உடை, சக்கரம், டயரின் காற்று எல்லாம் அப்படியே இருக்க, தலைக்கவசத்தை மட்டும் மாற்றவேண்டும். பிறகு முதல் கவசத்தையே மறுபடி அணிந்து பார்க்க வேண்டும். முதலில் கண்ட பலன் திரும்பக் கிட்டாவிட்டால் நடுவில் காற்று மாறிவிட்டது என்று பொருள்; அன்றையக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிடலாம். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரிக்கட்டிவிடும் என்று எண்ணுவது பிசகு. எதிர்காற்று பறித்ததைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தராது. கடன் வாங்கிய சிநேகிதன் மாதிரிதான்!

இப்படிச் சோதித்தவர்கள் கண்ட உண்மை விசித்திரமானது. ஒருவருக்கு லாபம் தரும் கவசம் மற்றொருவருக்கு நஷ்டம் தருகிறது. நீண்ட வால் முதுகோடு படிந்திருக்கும் வரையில் நன்மையே. களைப்பினால் தலை தொங்கியதும் அது சேவலின் வாலைப்போல் நிமிர்ந்து காற்றைப் பிடிக்கிறது. மிகவும் குனிந்தாலோ தொடை வயிற்றில் இடித்து, மூச்சும் பலமும் குறைகின்றன; பாதையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, கடைசி மைல் வரையில் எந்த நிலையில் இருக்க முடியுமோ, அந்த நிலையில்தான் பரீட்சை செய்ய வேண்டும்.

ஸ்காட்லாந்து தேசத்துக் கிரேம் ஓப்ரீ தம் கையாலேயே வண்டி செய்துகொண்டவர்; சலவை இயந்திரத்தின் உருளைகளைக்கூட அதில் பொருத்தினார். கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொள்ளும் புது நிலை ஒன்றையும் கண்டுபிடித்து, 1993-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி நார்வேயில் ஹமார் நகரத்தில், ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனையை முறியடித்தார். மறு வருஷமே சைக்கிள் சங்கத்தார் அந்த நிலையைத் தடை செய்துவிட்டார்கள். அவருக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சிச் சாலை எதுவும் இருக்கவில்லை.

விலை உயர்ந்த கவசத்தைப் பிறர் சொல் கேட்டு வாங்கிவிடப் பணம் இருந்தால் போதும். அது தனக்கு ஏற்றதுதானா என்று அறிவதற்கோ ஒரு நோட்டுப் புத்தகமும், சில அதிகாலைகளும், தனக்குப் பிரியமானது தோற்றாலும் அதை எழுதி வைக்கும் நேர்மையும் வேண்டும். இவற்றை எந்தக் கடையிலும் விற்பதில்லை.